சிகிச்சை பாதியில் நிற்பது ஏன்? நோயுற்ற குழந்தைகளும் அவர்களது குடும்பங்களும்

குழந்தைகளுக்கான புற்றுநோய் மருந்துகளை இலவசமாக வழங்கும் சர்வதேசத் திட்டம் ஒன்றின் கீழ், முதல் தொகுதி மருந்துகள் 2025-ம் ஆண்டில் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பி வைக்கப்பட்டன. உலக சுகாதார நிறுவனமும், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையும் இணைந்து இத்திட்டத்தை நடத்துகின்றன. எக்வடோர், ஜோர்டான், நேபாளம், ஸாம்பியா ஆகிய நாடுகள் அடுத்த கட்டத்தில் மருந்து பெறும் நாடுகளாக அறிவிக்கப்பட்டன. மருந்துத் தட்டுப்பாட்டாலும் தரமற்ற மருந்துகளாலும் ஏழை நாடுகளில் குழந்தைகள் உயிரிழப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

இது நீண்ட காலமாக எதிர்பார்க்கப்பட்ட முன்னேற்றம்தான். எனினும், மருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பின்னரும் குழந்தை அங்கு வந்து சேராமல் போகக்கூடும் என்ற உண்மையை இத்துறையில் பணியாற்றுவோர் பல ஆண்டுகளாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் ஏற்படுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. செல்வந்த நாடுகளில் இவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகின்றனர். வருமானம் குறைந்த பல நாடுகளில் இந்த விகிதம் 30 சதவீதத்துக்கும் கீழே உள்ளது. 2030-ம் ஆண்டுக்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது உயிர் பிழைக்க வேண்டும் என்ற இலக்கை அந்த நிறுவனம் 2018-ல் அறிவித்தது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு அது கூறும் காரணங்களில், நோயைத் தாமதமாகக் கண்டறிதல், மருந்தின்மை ஆகியவற்றோடு, சிகிச்சை இடையில் கைவிடப்படுதல் என்பதும் இடம்பெற்றுள்ளது.

தொடர்ந்து 4 வாரங்களோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராதிருப்பதையே மருத்துவ உலகம் கைவிடுதல் என்று வரையறுக்கிறது. அதைப் பெற்றோரின் அறியாமை என்றோ அலட்சியம் என்றோ கொள்வது எளிது. ஆனால் கிடைக்கும் சான்றுகள் வேறு திசையையே காட்டுகின்றன.

வீட்டிலிருந்து மருத்துவமனை வரை

குழந்தைகளை அதிகமாகத் தாக்கும் இரத்தப் புற்றுநோய் வகைக்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. முதல் சில மாதங்கள் தீவிரமான கீமோதெரபி. அதன்பின் நீண்ட பராமரிப்புக் கட்டம். இக்கட்டத்தில் குழந்தை வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். குறித்த நாட்களில் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இந்தியாவைப் பொறுத்தவரை, இத்தகைய சிகிச்சை அளிக்கும் பெரிய மையங்கள் மும்பை, டெல்லி, சென்னை, வேலூர் போன்ற நகரங்களிலேயே உள்ளன. நோயாளிகளோ பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமங்களிலிருந்து வருகின்றனர். தாய் குழந்தையுடன் நகரத்தில் தங்குகிறார். தினக்கூலியான தந்தை உடன் வந்தால் வருமானம் நிற்கிறது. வராவிட்டால் மொழி தெரியாத நகரில் தாய் தனித்து விடப்படுகிறார். மற்றக் குழந்தைகள் உறவினர் வீட்டில் விடப்படுகின்றனர். அறை வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் தங்க நேரிடுகிறது. கீமோதெரபியால் எதிர்ப்பு சக்தி குன்றியிருக்கும் குழந்தைக்கு நடைபாதையில் தொற்றக்கூடிய சாதாரணக் கிருமியே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

சில மாதங்களில் குழந்தையின் முகம் தெளிவடைகிறது. காய்ச்சல் இல்லை, விளையாடத் தொடங்குகிறது. கடன் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்நிலையில் "குணமாகிவிட்டது, ஊருக்குப் போகலாம்" என்று குடும்பம் முடிவெடுப்பதில் வியப்பில்லை. நோய் மறைந்ததாகத் தோன்றும் நிலையிலும் உடலில் எஞ்சியுள்ள புற்றணுக்கள் மீண்டும் பெருகும் என்பதை அவர்களது மொழியில், பொறுமையாக, பலமுறை எடுத்துக்கூற ஒருவர் இல்லாவிட்டால் அந்த முடிவு மாறுவதில்லை. நோய் திரும்பும்போது அதைக் குணப்படுத்துவது முன்னைவிடக் கடினமாகிறது.

ரெசிஃபே நகரின் அனுபவம்

பிரேசிலின் வடகிழக்கில், அந்நாட்டின் வறிய பகுதிகளில் ஒன்றில் அமைந்துள்ள நகரம் ரெசிஃபே. அங்கு 1980 முதல் 2002 வரை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பற்றிய ஆய்வு 2004-ல் வெளியானது. இத்துறையில் இன்றும் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் அது ஒன்று.

1980-களில் அங்கு சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் 16 சதவீதத்தினர் அதை இடையில் கைவிட்டனர். நோய் திரும்பாமல் 5 ஆண்டுகளைக் கடந்தோர் 32 சதவீதம் மட்டுமே. 1990-களின் பிற்பகுதிக்குப் பின்னர் கைவிடும் விகிதம் 0.5 சதவீதமாகக் குறைந்தது. நோயின்றி 5 ஆண்டுகளைக் கடந்தோர் 63 சதவீதமாக உயர்ந்தனர்.

இடைப்பட்ட காலத்தில் செயின்ட் ஜூட் மருத்துவமனையின் துணையுடன் அங்கு குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு உருவாக்கப்பட்டது. சிகிச்சை முறை சீரமைக்கப்பட்டது; செவிலியர் பயிற்சி பெற்றனர். அவற்றோடு, உள்ளூர் மக்கள் அமைப்பு ஒன்று குடும்பங்களுக்குத் தங்குமிடம், உணவு, பயணச் செலவு ஆகியவற்றை ஏற்றது. குறித்த நாளில் வராத குழந்தையின் குடும்பத்தைத் தேடித் தொடர்புகொள்ளும் பொறுப்பும் ஏற்கப்பட்டது.

உயிர் பிழைப்போர் விகிதம் இரு மடங்கானதற்கு உளசமூக ஆதரவு மட்டுமே காரணம் என்று கூற இயலாது. மேம்பட்ட மருத்துவத்துக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனால் கைவிடும் விகிதம் ஏறக்குறைய மறைந்தே போனதை மருந்தைக் கொண்டு மட்டும் விளக்குவது கடினம். குடும்பம் எங்கே தங்குகிறது, என்ன உண்கிறது, எப்படி வந்து போகிறது என்பதும் அங்கு சிகிச்சையின் பகுதியாகக் கருதப்பட்டது என்பதே அந்த அனுபவத்தின் சாரம்.

இந்தியாவிலும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில் 2009-ம் ஆண்டில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையை ஏற்காமலோ பாதியில் கைவிட்டோ சென்றது. நிதியுதவி, தங்குமிடம், ஊட்டச்சத்து, ஆலோசனை, தொடர் கண்காணிப்பு ஆகியவை ஒருங்கிணைக்கப்பட்ட பின்னர், 2016 வாக்கில் அது ஏறத்தாழ 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களுக்காக 2006-ல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைப் பராமரிப்பு மையங்கள், பின்னர் சென்னை, வேலூர் உள்ளிட்ட நகரங்களுக்கும் விரிவடைந்தன. அங்கு தங்கும் குடும்பங்கள் தங்கள் உணவைத் தாங்களே சமைத்துக்கொள்கின்றன. ஒரே நோயுடன் போராடும் பெற்றோர் ஒருவரோடொருவர் பேசவும் அந்தச் சமையற்கூடங்கள் இடமளிக்கின்றன.

கதவு திறந்த கதை

குழந்தையின் மனநிலையும் குடும்பத்தின் நிலையும் மருத்துவத்துக்குப் புறம்பானவை என்ற எண்ணம் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1950-கள் வரை பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்தில் ஓரிரு முறை மட்டுமே, அதுவும் சிறிது நேரமே, குழந்தையைக் காண அனுமதிக்கப்பட்டனர். பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழும். அழுகை வார்டின் ஒழுங்கைக் குலைக்கும் என்பது அன்றைய விளக்கம். அழுது ஓய்ந்து அமைதியாகிவிட்ட குழந்தை, சூழலுக்குப் பழகிவிட்டதாகக் கருதப்பட்டது.

லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் சமூகப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸன், 2 வயதுச் சிறுமி ஒருத்தி சிறு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கழித்த 8 நாட்களைப் படம்பிடித்தார். 1952-ல் அப்படம் மருத்துவர்கள் முன் திரையிடப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் அந்த அமைதி பழக்கத்தால் வந்ததல்ல, நம்பிக்கை இழந்ததால் வந்தது என்ற அவரது வாதம் மெல்ல ஏற்கப்பட்டது. 1959-ல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து செல்லவும், சிறு குழந்தைகளுடன் தாய் தங்கவும் வகை செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்றாலும் மருத்துவமனைகள் தயங்கின. 1961-ல் தாய்மார் சிலர் ஒன்றுகூடி அமைப்பாகத் திரண்டு, ஒவ்வொரு மருத்துவமனையாக வலியுறுத்த வேண்டியிருந்தது.

நடைமுறைக்கு இடையூறு என்று ஒரு தலைமுறை கருதியதை, அடுத்த தலைமுறை அடிப்படைத் தேவை என்று ஏற்றுக்கொண்டது. இன்று தங்குமிடமும் ஆலோசனையும் பள்ளிக் கல்வியும் அத்தகைய கட்டத்திலேயே நிற்கின்றன.

சொல்லப்படாத உண்மை

பண உதவியால் மட்டும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. நோயைப் பற்றிக் குழந்தையிடம் என்ன கூறுவது என்பதே அது. தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பல சமூகங்களில் புற்றுநோய் என்ற சொல்லே வீட்டில் உச்சரிக்கப்படுவதில்லை. குழந்தைக்குத் தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்ற அச்சமும், உறவினருக்குத் தெரிந்தால் பின்னாளில் திருமணம் தடைப்படும் என்ற கவலையும் இதில் கலந்துள்ளன.

ஆனால் குழந்தைகள் அறிந்துதான் இருக்கின்றனர். அமெரிக்க மானுடவியலாளர் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட சிறு குழந்தைகளுடன் மருத்துவமனை வார்டில் பழகி எழுதிய நூல் 1978-ல் வெளியானது. யாரும் கூறாமலேயே தங்கள் நிலையை அவர்கள் படிப்படியாக உணர்ந்துகொண்டதையும், பெற்றோர் வருந்துவர் என்பதால் அறியாததுபோல் நடந்துகொண்டதையும் அந்நூல் விவரித்தது. பெற்றோர் குழந்தைக்காக மறைக்க, குழந்தை பெற்றோருக்காக மறைக்க, இருதரப்பும் தனித்தனியே துயரைச் சுமந்தன.

ஸ்வீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்தப்பட்ட விரிவான ஆய்வு 2004-ல் வெளியிடப்பட்டது. மரணம் பற்றிக் குழந்தையுடன் பேசியிருந்த 147 பெற்றோரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேரில் 69 பேர், அதாவது 27 சதவீதத்தினர், பேசாமல் விட்டதற்காக வருந்தினர். ஸ்வீடன் சமூகத்தின் அனுபவத்தை அப்படியே பிற சமூகங்களுக்குப் பொருத்த இயலாது என்பது உண்மையே. பேசாதோரில் பெரும்பான்மையோர் வருந்தவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும், பேசினால் பின்னர் வருந்த நேரிடும் என்ற அச்சத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தச் சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது. பெற்றோருக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ ஜெர்மனோ சரளமாக வராத வீடுகளில், மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைக்கும் வேலை மூத்த பிள்ளையிடமோ, சில வேளைகளில் நோயுற்ற பிள்ளையிடமோ வந்து சேர்கிறது. தன் நோயின் பெயரைத் தாயிடம் முதலில் கூற வேண்டியவர் அந்தக் குழந்தையாகவே இருக்க நேரிடுகிறது. அவசர நிலை தவிர்த்து, 16 வயதுக்குக் குறைந்தோரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2018-ல் ஆரம்ப சுகாதாரப் பிரிவுகளுக்கு வழிகாட்டியது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தால்தான் இத்தகைய வழிகாட்டுதல் பயன் தரும்.

இலங்கையில் குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான முதன்மை மையம் கொழும்பை அடுத்த மஹரகமவில் உள்ள அபேக்ஷா மருத்துவமனையாகும். அரசு மருத்துவமனையாதலால் அங்கு சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் தமிழ்த் தாய்க்கு, சிங்களமே பெரும்பான்மையாகப் புழங்கும் சூழலில் பல வாரங்கள் தங்கியிருப்பது தனியான சோதனை. இலவச மருத்துவம் உள்ள நாட்டிலும் தூரமும் மொழியும் சிகிச்சையின் விலையாக அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

மற்ற நோய்கள், மற்றப் பிள்ளைகள்

புற்றுநோய் குறித்தே அதிக ஆய்வுகள் நடந்துள்ள போதிலும், சிக்கல் அதனோடு முடிவதில்லை. தீவிர தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். முதலாவது வகை நீரிழிவு நோயுள்ள குழந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் தேவை. இவற்றில் சிகிச்சை முடியும் நாள் என்ற ஒன்று பொதுவாக இல்லை. பதின்ம வயதை எட்டும்போது, மற்றவர்களிலிருந்து வேறுபட்டுத் தெரிய விரும்பாமல் ஊசியையோ மாத்திரையையோ தவிர்க்கும் போக்கு மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

வசதிமிக்க அமெரிக்காவிலும் இதன் விளைவு அளந்தறியப்பட்டுள்ளது. இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் குறைவாக உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரு மடங்குக்கும் மேலாக இருந்ததை 2012 முதல் வெளியான ஆய்வுகள் காட்டின. பதின்ம வயதினரிடமும், தாய் தனித்து நின்று குடும்பம் நடத்தும் வீடுகளிலும் மாத்திரைகள் அதிகமாகத் தவறின. மருந்து அலமாரியில் இருந்தது. அதை நாள் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் ஓய்வும் தெம்பும் வீட்டில் இருந்தனவா என்பதே கேள்வியாயிற்று.

நோயற்ற உடன்பிறப்புகளின் நிலை பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. தாய் மாதக்கணக்கில் வீட்டில் இல்லாத நிலையில், காரணம் முழுமையாகக் கூறப்படாமல், தம்பியின் நோய்க்குத் தானே காரணமோ என்று அஞ்சும் குழந்தைகளும் உள்ளனர். 2015-ல் வெளியிடப்பட்ட, குழந்தைப் புற்றுநோய்க்கான 15 உளசமூகப் பராமரிப்புத் தரநிலைகள், உடன்பிறந்தோரைத் தனிக் கவனம் தேவைப்படும் பிரிவினராகக் குறிப்பிட்டன. பள்ளிக்குத் திரும்ப உதவுதல், குடும்பத்தின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து மதிப்பிடுதல், குழந்தையை இழந்த குடும்பத்தோடு பின்னரும் தொடர்பில் இருத்தல் ஆகியவையும் அத்தரநிலைகளில் அடங்கும்.

யார் பொறுப்பேற்பது?

தரநிலைகளை வகுப்பது ஒன்று; அவற்றுக்கான செலவை ஏற்பது மற்றொன்று. இந்தியாவில் 2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் செயல்படுகிறது. ரயில்வே துறை புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை தருகிறது. இவை பல குடும்பங்களைக் காத்துள்ளன. ஆனால் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைச் சுவர்களுக்குள் ஆகும் செலவை மனதில் கொண்டே வகுக்கப்பட்டவை. தந்தை இழந்த கூலியும், நகரத்து அறை வாடகையும், பெரும்பாலும் அக்கணக்கில் சேர்வதில்லை.

பிரிட்டனிலும், குழந்தைக்குப் புற்றுநோய் ஏற்பட்ட குடும்பத்துக்கு மாதந்தோறும் பல நூறு பவுண்டுகள் கூடுதலாகச் செலவாவதாகத் தொண்டு நிறுவனங்கள் சுட்டிக்காட்டி வருகின்றன. இதற்கு மாறாக ஸ்வீடனில், கடும் நோயுற்ற 18 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கவனிக்கும் பெற்றோருக்கு, நாட்களுக்கு உச்சவரம்பின்றி, இழந்த ஊதியத்தின் பெரும்பகுதியை அரசின் சமூகக் காப்பீடு வழங்குகிறது. தாயும் தந்தையும் ஒரே வேளையில் இதைப் பெறலாம். குழந்தையின் அருகில் இருப்பதா, வேலையைக் காத்துக்கொள்வதா என்ற தேர்வின் கடுமை அங்கு தணிகிறது.

அத்தகைய ஏற்பாடு வளரும் நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதும், மருந்துக்கே பணம் போதாதபோது ஆலோசகரை நியமிப்பது எப்படி என்பதும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு இரு பதில்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, செலவுக் கணக்கு சார்ந்தது. 6 மாதம் சிகிச்சை பெற்ற குழந்தை 7-வது மாதத்தில் வராமல் போனால், அதுவரை செலவான மருந்தும் படுக்கையும் மருத்துவர்களின் உழைப்பும் பெரும்பாலும் வீணாகின்றன. ஒரு ரயில் கட்டணத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பையும் மிச்சப்படுத்தி, அதைவிடப் பன்மடங்கு பணத்தை இழப்பதற்கு இது ஒப்பாகும்.

இரண்டாவது, எல்லாக் குடும்பங்களுக்கும் உளவியல் நிபுணர் தேவையில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆன் கஸாக் முன்வைத்த மாதிரியில் குடும்பங்கள் பிரமிடு வடிவில் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. அடித்தளத்திலுள்ள பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெளிவான தகவலும் அடிப்படை ஆதரவும் போதும். நடுநிலையில் உள்ளோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உச்சியிலுள்ள சிலருக்கே நிபுணரின் சிகிச்சை தேவை. ஆகவே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள், செவிலியர், இதே பாதையை முன்னர் கடந்து வந்த பெற்றோர் ஆகியோரைக் கொண்டே பெரும்பகுதிப் பணியைத் தொடங்க இயலும்.

இன்று பல நாடுகளில் இப்பணியைத் தொண்டு நிறுவனங்களே சுமக்கின்றன. அவற்றின் பங்கு மகத்தானது. ஆனால் நன்கொடையை நம்பிய ஆதரவு சீராகப் பரவுவதில்லை. பெருநகர மருத்துவமனைக்குக் கிடைப்பது மாவட்ட மருத்துவமனைக்குக் கிடைப்பதில்லை. புற்றுநோய் ஈர்க்கும் நன்கொடையைத் தலசீமியாவோ சிறுநீரக நோயோ எளிதில் ஈர்ப்பதில்லை. நன்கொடை நின்றால் தங்குமிடமும் நிற்கும். மருந்தைப் போலவே, மருத்துவச் செலவின் ஒரு பகுதியாக அரசின் கணக்கில் இடம்பெறும்போதுதான் இந்த ஆதரவு நிலைபெறும்.

2030-ம் ஆண்டுக்கான 60 சதவீத இலக்கை எட்டுவதில் மருந்து விநியோகம் முக்கியப் பங்காற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அனுப்பப்பட்ட மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அந்த வெற்றியை அளந்துவிட முடியாது. சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் எத்தனை பேர் அதை முடித்தனர், வராமல் போனவர்களைத் தேடிச் சென்றது யார் என்ற கேள்விகளுக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் பதிலளிக்க வேண்டியிருக்கும்.